"மருத்துவரை அணுகவும்"னு முடிச்சிட்டீங்க, அதுக்கு அப்புறம்தான் கஷ்டமே

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல கண் வறட்சி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். அடிக்கடி கண்ண சிமிட்டுங்க, ஸ்கிரீன்ல இருந்து 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ பார்வைய எடுத்து தூரத்துல பாருங்க, சொட்டு மருந்து போடுங்கன்னு எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தீங்க. கடைசியில "தொந்தரவு தொடர்ந்தால் மருத்துவரை அணுகவும்"னு ஒரு வரி. நான் நாலு வருஷமா மருத்துவரை அணுகிக்கிட்டுதாங்க இருந்தேன். ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்புங்கன்னு வாய் திறந்து கேக்க மட்டும் அத்தனை நாள் ஆச்சு, அத பத்திதான் இந்த லெட்டர்.

எனக்கு காலையில எந்திரிக்கும்போதே இமை ஒட்டிக்கிட்டு இருக்கும், மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், சாயங்காலம் ஆச்சுன்னா எழுத்து மங்கும், சிமிட்டினா ஒரு நிமிஷம் தெளியும் மறுபடி மங்கும். காத்து பட்டா கண்ணுல இருந்து தண்ணி கொட்டும். தண்ணி கொட்டுற கண்ணுக்கு வறட்சின்னு பேரு சொன்னா வீட்ல யாருமே நம்பல, நானே நம்பல. கண்ணு காய்ஞ்சு எரிச்சல் வரும்போது அத சமாளிக்க மொத்தமா ஒரு தடவ கண்ணீர் பொங்குமாம், ஆனா அந்த தண்ணி கண்ணு மேல நிக்காம வழிஞ்சு போயிடும், ஏன்னா அத பிடிச்சு வைக்கிற எண்ணெய் படலம் சரியா இல்ல. இதெல்லாம் ரொம்ப பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது.

எங்க ஃபேமிலி டாக்டர் நல்ல மனுஷர், அவர குறை சொல்ல நான் வரல. ஒவ்வொரு தடவ போனப்பவும் வேற ஒரு சொட்டு மருந்து எழுதி குடுப்பாரு, ரெண்டு வாரம் பரவாயில்லாம இருக்கும், அப்புறம் பழையபடி. கண் ஸ்பெஷலிஸ்ட்ட பாக்கணும்னு கேட்டா "இவங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்ல போல"ன்னு நினைச்சுடுவாரோன்னு பயம். அதோட இது உயிர் போற வியாதியா என்ன, வெறும் கண்ணு எரிச்சல்தானேன்னு எனக்கே ஒரு கூச்சம். இந்த கூச்சம் எனக்கு மட்டும் இல்லன்னு நல்லா தெரியும், கண் வறட்சின்னு யார்கிட்ட பேசினாலும் இதேதான் சொல்றாங்க.

கடைசியா போனப்ப ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போனேன். எப்ப ஆரம்பிச்சது, எந்தெந்த சொட்டு மருந்து எத்தனை மாசம் போட்டேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவ போடுறேன், வேற என்ன மாத்திரை சாப்பிடுறேன், முக்கியமா என்னால என்ன செய்ய முடியல. ராத்திரில வண்டி ஓட்டுறத விட்டுட்டேன், படிக்கிறது பத்து நிமிஷத்துக்கு மேல முடியல, வேலையில மத்தியானத்துக்கு அப்புறம் கணக்கு தப்பா போடுறேன், இதையெல்லாம் எழுதினேன். அப்புறம் உக்காந்து இப்படித்தான் கேட்டேன்: "டாக்டர், நீங்க குடுத்தத விடாம போட்டுட்டேன், இன்னும் சரியாகல. இது எதனால வருதுன்னு தெரிஞ்சுக்கணும். கருவிழி ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ஒரு ரெஃபரல் லெட்டர் குடுங்க, அவங்க என்ன சொல்றாங்கன்னு உங்ககிட்டயே வந்து காட்டுறேன்."

அவரு பேப்பர வாங்கி முழுசா படிச்சாரு. "இவ்வளவு கஷ்டம்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா, ஒவ்வொரு தடவையும் பரவாயில்ல டாக்டர்னுதான சொன்னீங்க"ன்னாரு. உண்மைதான். நான் அப்படித்தான் சொல்லியிருக்கேன், உள்ள போய் உக்காந்ததும் வாய்ல முதல்ல வர்ற வார்த்தையே அதுதான். லெட்டர் அஞ்சு நிமிஷத்துல குடுத்துட்டாரு.

எல்லா டாக்டரும் உடனே குடுத்துட மாட்டாங்க, அதுவும் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்னு சொன்னா, சரிங்க டாக்டர், எத்தனை வாரம் பாக்கணும், அதுக்குள்ள சரியாகலன்னா அனுப்புவீங்களான்னு அங்கயே கேட்டுடுங்க. நான் ரெஃபரல் கேட்டேன், இந்த காரணத்துக்காக இப்ப வேண்டாம்னு சொன்னீங்கன்னு ஃபைல்ல எழுதி வைக்க சொல்றதுலயும் தப்பே இல்ல. இது சண்டை இல்ல. லெட்டர் இல்லாம நேரா ஸ்பெஷலிஸ்ட்ட பாக்க வழி இருக்கிறவங்களுக்கும் அந்த லெட்டர் பிரயோஜனம்தான், பழைய கதையெல்லாம் முதல்ல இருந்து சொல்ல வேண்டியதில்ல.

ஸ்பெஷலிஸ்ட் அம்மா என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "போடுற மருந்து பாட்டில் எல்லாம் கொண்டு வந்தீங்களா?" வாங்கி பின்னாடி இருக்கிற பொடி எழுத்த படிச்சாங்க. அதுல பென்சல்கோனியம் குளோரைடுன்னு ஒரு ப்ரிசர்வேட்டிவ் இருக்கு, பாட்டில திறந்ததுக்கு அப்புறம் கிருமி வளராம இருக்க போடுறது. ஒண்ணு ரெண்டு தடவ போட்டா பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நான் எரியுது எரியுதுன்னு ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவ போட்டுட்டு இருந்தேன், அது கண்ணோட மேல் தோலையே புண்ணாக்குமாம். எரியுதுன்னு மருந்து போட, அந்த மருந்தே எரிச்சலுக்கு ஒரு காரணமா இருந்திருக்கு! நாலு தடவைக்கு மேல போடுறவங்க ப்ரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டுக்கு மாறணும்னு சொன்னாங்க. இந்த ஒரு விஷயம் முதல் வருஷமே தெரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் டெஸ்ட். இமைக்குள்ள ஒரு பேப்பர் துண்டு சொருகி அஞ்சு நிமிஷம் வச்சு எத்தனை மில்லிமீட்டர் நனையுதுன்னு பாக்குறாங்க, ஷிர்மர் டெஸ்ட்னு பேரு, எனக்கு 12 வந்துச்சு, 5க்கு கீழ போனாதான் ரொம்ப மோசம்ங்கிறாங்க. அப்ப தண்ணி சுரக்குறது ஓரளவு சரி. அடுத்து கண்ணுல மஞ்சள் சாயம் விட்டு, சிமிட்டாம இருக்க சொல்லி, கண்ணீர் படலம் எத்தனை செகண்ட்ல உடையுதுன்னு பாத்தாங்க, 10 செகண்டாவது நிக்கணும், எனக்கு மூணு செகண்ட்லயே உடைஞ்சிடுச்சு. கடைசியா இமை ஓரத்த அமுக்கி பாத்தாங்க. அங்க வரிசையா மைபோமியன் சுரப்பின்னு இருக்கு, அதுல இருந்து தெளிவா எண்ணெய் வரணும், எனக்கு பற்பசை மாதிரி கெட்டியா வந்துச்சு, பாதி அடைச்சே கிடக்கு. ஆக எனக்கு குறைச்சல் தண்ணியில இல்ல, எண்ணெய்ல. நாலு வருஷமா நான் தண்ணிய ஊத்திக்கிட்டு இருந்தேன். இது சாதாரணமா உக்காந்து பேசிட்டு வந்தா தெரியாதுங்க, அதுக்கான மெஷினும் அனுபவமும் உள்ள ஆள் கண்ண பாக்கணும்.

சளி அலர்ஜிக்கு நான் தினமும் சாப்பிட்ட மாத்திரை கூட கண்ண காய வைக்கும்னு சொன்னாங்க. மன அழுத்தத்துக்கு குடுக்கிற சில மாத்திரை, முகப்பருவுக்கு குடுக்கிற ஐசோட்ரெடினோயின், இதுலயும் வரலாமாம். அதுக்காக நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, லிஸ்ட்ட காட்டி கேளுங்க.

வாய் காயுதா, மூட்டு வலிக்குதா, தண்ணி இல்லாம சாப்பாடு முழுங்க முடியலையான்னும் கேட்டாங்க. கண்ணுக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன். ஷோக்ரென்னு ஒரு நோய் இருக்காம், உடம்போட எதிர்ப்பு சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகள தாக்குறது. 1933ல ஹென்ரிக் ஷோக்ரென்னு ஸ்வீடன்ல ஒரு கண் டாக்டர்தான் இத விவரமா எழுதினாரு, அதனால அந்த பேரு. வர்றதுல பெரும்பாலானவங்க பெண்கள், அதுவும் நடுத்தர வயசுல. ரத்தத்துல எனக்கு இல்லன்னு வந்துச்சு. ஆனா இருக்கிறவங்களுக்கு கண்ணு மட்டும் இல்ல, பல்லு, மூட்டு, சிலருக்கு நுரையீரல் வரைக்கும் பாதிக்கும், மூட்டு வாத டாக்டரும் (ருமட்டாலஜிஸ்ட்) சேர்ந்து பாக்கணும். அவங்க வருஷக்கணக்கா வெறும் சொட்டு மருந்தோட சுத்திக்கிட்டு இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சா எனக்கு பதறுது.

இப்ப எனக்கு முழுசா குணமாகல, அத சொல்லிடணும். தினமும் இமை மேல 10 நிமிஷம் இதமான சூட்டுல ஒத்தடம், அப்புறம் இமை ஓரத்த மெதுவா அமுக்கி விடுறது, ப்ரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு, கூட கண்ணுல இருக்கிற அழற்சிய குறைக்கிற சைக்ளோஸ்போரின் சொட்டு. அந்த சைக்ளோஸ்போரின் போட்டதும் எரியும், வேலை செய்ய மாசக்கணக்குல ஆகும், இத முன்னாடியே சொல்லி குடுத்ததாலதான் நான் பாதியில விடல. இப்ப ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல படிக்கிறேன்.

ரெண்டு விஷயம் உங்க பத்திரிகையில கட்டாயம் வரணும் சார். கண்ணு சிவப்ப போக்குற சொட்டுன்னு கடையில கிடைக்கிறத வாங்கி மாசக்கணக்கா போடுறாங்க, அத நிறுத்தினா முன்னாடிய விட அதிகமா சிவக்கும், வறட்சிக்கு அது மருந்தே இல்ல. வேற யாருக்கோ எழுதி குடுத்த ஸ்டீராய்டு சொட்ட கடன் வாங்கி போடுறது அதவிட ஆபத்து, கண் பிரஷர் ஏறும், புரை வரும், வலி எதுவும் இல்லாமலே பார்வை போகும்.

இன்னொண்ணு, திடீர்னு பார்வை குறைஞ்சா, கடுமையா வலிச்சா, வெளிச்சத்த பாக்கவே முடியலன்னா, கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்களுக்கு கண்ணு சிவந்து வலிச்சா ரெஃபரல் லெட்டருக்கெல்லாம் காத்திருக்க கூடாது, லென்ஸ கழட்டிட்டு அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போயிடணும்.

அடுத்த தடவ கண் பத்தி கட்டுரை போடும்போது "மருத்துவரை அணுகவும்"க்கு கீழ, போய் என்ன சொல்லணும், எப்ப ஸ்பெஷலிஸ்ட்ட கேக்கணும்னு நாலு வரி சேத்து போடுங்க. நான் எடுத்துட்டு போன பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு, வேணும்னா அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி