செயலாளர் ஆண்டறிக்கை: கரண்டிவாய் உள்ளானைத் தேடிய பருவம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வலசைப் பருவத்தில் மாதம் ஒருமுறை கோடியக்கரைச் சேற்றுப்பரப்பில், மூக்கு நுனி கரண்டிபோல அகன்ற சிறு கரைப்பறவையான கரண்டிவாய் உள்ளானைத் தேடுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு முறை போய்வந்தோம். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பியதையும் சேர்த்துத்தான் ஆறு. பறவையைப் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஜனவரியில் "பார்த்துட்டாங்களாம்" என்றொரு பேச்சு சுற்றியது. அதைக் கிளப்பியவன் நான்தான்.

ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பன்று காலை, தேங்கிய நீரோரம், அதே அளவிலான சாதாரண மூக்குள்ள கொசு உள்ளான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றின் மூக்கு நுனி மட்டும் தடித்து அகன்று தெரிந்தது. ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே "கரண்டி, கரண்டி" என்று கத்திவிட்டேன். எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போன்கூடப் போட்டாயிற்று. கொஞ்ச நேரத்தில் அந்தப் பறவை மூக்கைத் தண்ணீரில் அலசிவிட்டு நிமிர்ந்தது. கரண்டியைக் காணோம். ஒட்டியிருந்தது வெறும் சேறு.

"சார், இது கொத்திக் கொத்தித் தின்னுது, கரண்டிவாய் இப்படித் தின்னாதே" என்று நம் இளைய உறுப்பினர் ஒருவர் அப்போதே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி. கரண்டிவாய் உள்ளான் மூக்கைச் சேற்றில் அழுத்தி இடமும் வலமும் அலைத்தபடியே நடக்கும். பக்கவாட்டில் நின்றால் கரண்டி இருப்பதே சட்டென்று தெரியாது. நேர் எதிரே திரும்பும்போதுதான் அகலம் பிடிபடும். பறவையோ பதினைந்து சென்டிமீட்டர் நீளம், முப்பது கிராம் சொச்சம் எடை. 1758-இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இந்த மூக்கை நம்பி, இதைக் கரண்டிவாயன் என்ற பெரிய நீர்ப்பறவைகளின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இந்த ஒரு பறவைக்கு ஏன் இத்தனை அலைச்சல் என்று சிலர் கேட்டார்கள். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுகோத்கா கடற்கரையில் முட்டையிட்டு, சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடல் சேற்றில் தங்கி இரை தேடி, மியான்மர், வங்கதேசக் கரைகளுக்குக் குளிர்காலத்தில் வருவது இது. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். 2008 முதல் மிக அருகிய இனப் பட்டியலில் இருக்கிறது. மஞ்சள் கடலோரத்தில் சேற்றை மூடிக் கரை கட்டியது ஒரு காரணம். தென்கொரியாவின் செமங்கும் கடல் தடுப்புச் சுவர் மட்டும் 33 கிலோமீட்டர். குளிர்காலக் கரைகளில் வலை வைத்துப் பிடித்தது இன்னொன்று. மியான்மரின் மார்த்தபான் வளைகுடாவில் வேட்டைக்காரர்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்பாடு செய்த பிறகு அங்கே வலை குறைந்தது. கோடியக்கரையில் முன்பு எப்போதாவது பதிவாகியிருக்கிறது. அந்த 'எப்போதாவது'தான் நம் கணக்கு.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுகோத்காவில் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிடும் வேலை 2012-இல் தொடங்கியது. அப்படி விட்ட பறவைகளின் காலில் சின்னக் கொடி இருக்கும், அதில் எழுத்தோ எண்ணோ இருக்கும். மூக்கிலேயே கண்ணாக இருந்து காலை விட்டுவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்; என்னைப் போல முதலில் கத்தாமல்.

அடுத்த பருவத்திலிருந்து நம் குறிப்பேட்டில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக வருகின்றன: 'எப்படி மேய்ந்தது?', 'நேர் எதிரே நின்று பார்த்தீர்களா?' இரண்டையும் நிரப்பாத பதிவு செல்லாது, செயலாளருடையதாக இருந்தாலும்.

ஸ்கோப்பைத் தாங்கும் முக்காலியின் ஒரு கால் பிப்ரவரியில் சேற்றில் சிக்கி முறிந்தது. இப்போதைக்குக் கயிறு கட்டி ஓட்டுகிறோம். புதிதாக வாங்குவதா என்று இன்றைய கூட்டம் முடிவு செய்யட்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கணக்கெடுப்புப் படிவத்தில் கரண்டிவாய் உள்ளானுக்கு நேரே 0 என்று எழுதி அனுப்பியாயிற்று.

இப்படிக்கு,
செயலாளர்