திருப்பிப் போட்ட கட்டில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே கன்றுக்குட்டி தேறிவிட்டது. நீ பேசி இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது.

போன சித்திரையில் மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டே நீ சொன்னாயே, தத்துவப் பேராசிரியை ஜெனிஃபர் ஹார்ன்ஸ்பி 2008-இல் எழுதியது என்று. உறைந்த குளத்தில் சறுக்குகிறவனிடம், நடுவில் பனி மெலிசு என்கிறான் நண்பன். சொன்னவனுக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவன் ஓரமாகப் போகவேண்டும், அதற்காகச் சொன்னது. இவனும் நம்பி ஓரமாகவே போகிறான். பார்த்தால் நடுவில் நிஜமாகவே மெலிசு. அப்போதும், "பனி மெலிசாக இருந்ததால் ஓரமாகப் போனான்" என்று சொல்லக்கூடாது, தெரிந்து செய்தவனுக்குத்தான் அந்த 'இருந்ததால்' பொருந்தும், இவன் நம்பியதால் போனான், அவ்வளவுதான் என்றாய். நம் தெருவில் இப்படி யோசிக்க யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன்.

அந்தப் படிப்பை அப்பாவிடமேயா காட்டுவது? "எனக்குப் பரீட்சைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு உனக்குப் பரீட்சை இருந்தது நிஜம்தானே? லாரிசா என்ற ஊருக்கு வழி தெரிந்தவனும் போய்ச் சேர்வான், இதுதான் வழி என்று சரியாக நம்புகிறவனும் போய்ச் சேர்வான் என்று பிளேட்டோ எழுதியதையும் நீதானே சொன்னாய்? அப்பத்தா எழவுக்கு வந்தவர்களிடமெல்லாம், "பாப்பாவுக்குப் பரீட்சை, அதனால சொல்லலை" என்றேன். பிறகு தம்பி விசாரித்து, பரீட்சை இருந்தது உண்மைதான் என்றபோது நெஞ்சுப் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியவன் நான். 'பரீட்சை இருந்ததால்' என்று எழுதக் கை வரவில்லை, பாப்பா. 'இருக்கும் என்று நம்பியதால்' என்றும் எழுத முடியவில்லை. அப்படி நம்பக்கூட இல்லை. மார்கழியிலேயே மதுரைக்குக் கூட்டிப் போகச் சொன்னார் டாக்டர். அறுப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டேன். நீ வந்தால் முதலில் அதைத்தான் கேட்பாய். பரீட்சை என்பது யாரோ கேட்டபோது வாயில் வந்தது.

"பாப்பாவுக்குச் சொல்லிட்டியா?" என்று அப்பத்தா கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். கட்டிலை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னாள். நான்தான் திருப்பிப் போட்டேன். மூன்று நாள் அப்படியே படுத்திருந்தாள், கேட் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அப்பா