எல்லா மையமும் முதலிடம் என்றால் ஊக்கத்தொகை ஏன் குறைந்தது?

தலைமை அலுவலகத் தரவுப் பிரிவினருக்கு வணக்கம்.

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பால் கொள்முதல் மையங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சார்பில் எழுதுகிறேன். புது பவர் பிஐ (தரவை அறிக்கையாகக் காட்டும் மென்பொருள்) அறிக்கையில், ஒவ்வொரு மையத்துக்கும் அதன் தரவு வரிசைகளை மட்டும் காட்டும் 'வரிசை அளவிலான பாதுகாப்பு' போட்டது நல்லதுதான். எங்கள் விவசாயிகளின் கணக்கு அடுத்த மையத்தின் கண்ணில் படாமல் இருப்பது எங்களுக்கும் நிம்மதி. எங்கள் பிராது, அந்தப் பாதுகாப்புக்கு ஏற்ப மாற்றாமல் விட்ட மெஷர்களை, அதாவது சராசரி, பங்கு, தரவரிசை போடும் சூத்திரங்களைப் பற்றியது.

போன பட்டுவாடாவில் எங்கள் மையத்துக்கு ஊக்கத்தொகை பிடித்தம். ஃபேட் (பாலின் கொழுப்புச் சதவீதம்) நிறுவனச் சராசரிக்குக் கீழே போய்விட்டது என்று காரணம் வந்தது. இரண்டு மாடு வைத்திருக்கும் அக்கா ஒருவர் சீட்டை நீட்டி, "எவ்வளவு கீழேன்னு காட்டுங்க தம்பி" என்றார். அறிக்கையைத் திறந்தேன். எங்கள் ஃபேட் 3.8. நிறுவனச் சராசரி 3.8. வித்தியாசம் 0. மொத்தக் கொள்முதலில் எங்கள் பங்கு 100 சதவீதம். தரவரிசை 1. அக்கா திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மழைக்காலத்தில் இளம்புல் மட்டும் தின்றால் ஃபேட் இறங்கும், வைக்கோலும் சேர்த்துப் போடுங்கள் என்று சொல்லத் தெரியும். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று சொல்லத்தான் என்னிடம் எண் இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மெஷர் கணக்குப் போடும் முன்பே பாதுகாப்பு விதி மற்ற மையங்களின் வரிசைகளை எடுத்துவிடுகிறது. வடிகட்டலை நீக்கும் ஆல், ரிமூவ்ஃபில்டர்ஸ் கட்டளைகளை மெஷரில் எழுதினாலும், ஸ்லைசர் (திரையில் தேர்வு செய்யும் பெட்டி) போன்றவற்றில் போட்ட வடிகட்டல்தான் போகும். பாதுகாப்பு விதி போகாது, போகவும் கூடாது. ஆக, நிறுவன மொத்தம் என்று எங்களுக்கு வருவது எங்கள் மையத்தின் மொத்தமே. தரவரிசை போடும் ரேங்க்எக்ஸ் கட்டளை வரிசைப்படுத்துவதும் எங்களை மட்டுமே; இப்படி ஒவ்வொரு மையத்துக்கும் தன் திரையில் முதலிடம். அறிக்கையை வைத்திருக்கும் ஒர்க்ஸ்பேஸில் அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் உரிமை உள்ளவர்களுக்கு இந்த விதி பொருந்தாது என்பதால், உங்கள் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. வெளியிடும் முன் வியூ ஆஸ் அழுத்தி எங்கள் இடத்திலிருந்து ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

நாங்கள் கேட்பது இதுதான்: நிறுவன மொத்தத்தைத் தனி அட்டவணையாகக் கொடுங்கள். நாள்வாரியாக மொத்த லிட்டர், மொத்தக் கொழுப்பு கிலோ போதும். மையத்தின் பெயர் வேண்டாம். இதைக் கணக்கிட்ட அட்டவணையாகப் போட்டால், தரவு ரெஃப்ரெஷ் ஆகும்போதே அது எல்லா மையங்களின் வரிசைகளையும் கூட்டிவிடும். அதை மைய அட்டவணையோடு சேர்க்காமல் தேதி அட்டவணையோடு மட்டும் இணைத்தால் விதி அதைத் தொடாது. வட்டாரவாரியாகப் பிரிக்காதீர்கள். இரண்டே மையம் உள்ள வட்டாரத்தில், மொத்தத்தில் தன்னுடையதைக் கழித்தால் பக்கத்து மையத்தின் கணக்கு வெளியே வந்துவிடும். அது எங்களுக்கு வேண்டாம்.

இதே அலுவலகம் அனுப்பும் சுற்றறிக்கை மலையாளத்தில் மட்டும் வருகிறது. தமிழில் படிக்கிறவர்களுக்கு நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம். வாசித்துக் காட்டவாவது அதில் எழுத்து இருக்கிறது. இந்த அறிக்கையில் எதை வாசிப்பது? பணத்தைப் பிடிக்க ஒரு சராசரி, விவசாயிக்குக் காட்ட இன்னொரு சராசரி என்பது எந்த ஊர் நியாயம்?

சரி, கோபத்தில் கேட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுவன மொத்தத்தைத் தனி அட்டவணையாகக் கொடுங்கள். அதுவரை பங்கு, தரவரிசை இரண்டையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் முன்னால் உண்மையான சராசரியை எங்கள் கைபேசிக்கு அனுப்புங்கள். அந்த எண் வந்து சேரும்வரை ஊக்கத்தொகைப் பிடித்தத்தை நிறுத்திவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.