கேட்காமலே வாங்கிக் கொடு, தம்பி

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சின்ன அத்தைக்கு முட்டிவலி தேவலை. மழைதான் விடாமல் பெய்கிறது. போன் பண்ணினால் "வேலையில இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய், அப்புறம் கூப்பிடுவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது நிதானமாகப் படி.

சொல்ல வந்தது பாப்பாவைப் பற்றி. விடுமுறைக்கு அவளை இங்கே விட்டுவிட்டுப் போனாயே, அத்தனை நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டே எல்லா இடத்துக்கும் வந்தாள். மீன் வாங்க மார்க்கெட்டுக்கு, கரண்ட் பில் கட்டத் தபால் நிலையத்துக்கு, ரத்தம் சோதிக்க கிளினிக்குக்கு. எங்கேயும் அடம் இல்லை, அழுகை இல்லை. "பேத்திய நல்லா வளர்த்திருக்கான் உங்க மகன்" என்று மீன்காரரே சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக அந்தப் பெருமை போய்விட்டது. ஐந்து வயதுப் பிள்ளை, ஒன்றுமே கேட்கவில்லை தம்பி.

மளிகைக் கடையில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் தலைக்கு மாட்டுகிற கிளிப்புகள் தொங்கும் அல்லவா, அதில் சிவப்பில் ஒரு வண்ணத்துப்பூச்சி கிளிப்பை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கையை ஒரு விரலால் தடவினாள். அப்புறம் அட்டையைத் திருப்பினாள். பின்னால் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதுகூட இல்லை, ஆனால் எண் தெரிகிறது. எடுத்த கம்பியிலேயே, எடுத்த இடத்திலேயே மாட்டினாள். "வேணுமாடா தங்கம்?" என்றேன். "வேணாம் பாட்டி, சம்பளம் வரட்டும்" என்றாள்.

அந்தப் பேச்சை எங்கே கேட்டாள் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை. நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். கார் பட்டறையில் இருக்கிறது என்றாய். சரி. அழைத்துப் போக வந்தபோதும் பஸ்தான். சரி.

பிள்ளையோடு கடைக்குப் போனால் சின்னதாக ஏதாவது வாங்கிக் கொடு. இதைத்தான் சொல்ல வந்தேன். அவள் கேட்டு நீ வாங்குவது வேறு, கேட்காமலே நீயாக நினைத்து வாங்குவது வேறு. சமத்தாக இருந்தால் வாங்கித் தருகிறேன் என்று முன்கூட்டிப் பேசாதே, அது வியாபாரம் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் வேண்டாம், அப்போது அது வழக்கமாகிவிடும், அவளும் உன் பையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். எப்போது வரும் என்று தெரியாமல் வரவேண்டும். அதில்தான் பிள்ளைக்குச் சந்தோஷம்.

உங்கள் அப்பா அப்படித்தான் செய்தார். உனக்கு ஞாபகம் இருக்கும். மழை பெய்தால் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. கடைக்காரர் பற்று எழுதும் 555 புத்தகத்தில் கடன் ஏறிக்கொண்டே போகும். அந்த மாதிரி ஒரு மாதத்தில்தான் மோட்டாருக்கு டயர் ஒட்ட உன்னையும் டவுனுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது உன் கையில் கச்சாங் பூத்தே, அதுதான் வறுத்த கடலை. ஈப்போ புந்தோங்கிலிருந்து ஒருவர் கொண்டுவந்து விற்பாரே, அவரிடம் வாங்கியது. பழைய கணக்குப் புத்தகத் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுப்பார். கடலையைத் தின்று முடித்துவிட்டு, அந்தத் தாளில் யாரோ போட்ட கூட்டல் கணக்கு தப்பு என்று நீ லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உங்கள் அப்பாவுக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கடன் இருந்தது என்று உனக்கு அன்றைக்குத் தெரியவே தெரியாது.

என் அப்பாவை எடுத்துக்கொள். தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் ஆரம்பித்த நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம், நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. ஒரு காசு வீணாக்க மாட்டார். அவரும் டவுனுக்குப் போய் வந்தால் சட்டைப் பையில் எங்களுக்கு ஏதாவது இருக்கும். சில நாள் ஒரே ஒரு பென்சில், அக்காவும் நானும் பாதியாக உடைத்துக்கொள்வோம்.

இனிப்பே வேண்டாம் என்று மருமகள் சொல்வது சரிதான். இனிப்பு நீர் நம் குடும்பத்தில் இருக்கிறது, பிள்ளையை இப்போதே பழக்க வேண்டாம். வேறு எவ்வளவோ இருக்கிறது. ஒரு பலூன் போதும். மார்க்கெட்டில் அவளே ஒரு கொய்யாவைப் பொறுக்கி எடுக்கட்டும், கடைக்காரரிடம் அவள் கையாலேயே காசைக் கொடுக்கட்டும். காசே இல்லாமலும் செய்யலாம். பில் கட்டிவிட்டு வந்த அன்றைக்கு நேரே வீட்டுக்கு வராமல் அவளை ஸ்டேஷன் பக்கம் கூட்டிப்போனேன். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. பாடாங் பெசார் போகிற இ.டி.எஸ். மின்சார ரயில் வந்து நின்றது. டிரைவர் கை காட்டினார். பாப்பா போட்ட கூச்சலை நீ கேட்டிருக்க வேண்டும். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவள் "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கேட்டாள்.

நீ விடியுமுன்னே எழுந்து காஸ்வேயைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன். பிள்ளை தூங்கும் முகத்தைத்தான் பாதி நாள் பார்க்கிறாய். எனக்குத் தெரியும். நம் தோட்டத்திலிருந்து போன பிள்ளைகளில் உன்னை மாதிரி உழைக்கிறவன் இல்லை என்று யாரிடமும் சொல்வேன். ஆனால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? உனக்கு ஏதாவது தெரியுமா என்று உன் அக்காவிடம் கேட்டேன், அவளும் மழுப்புகிறாள். சரி, அதை விடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இருக்கிறது அல்லவா? கடைக்குப் போகும்போது அவளைக் கூட்டிப் போ. கேட்காமலே ஏதாவது வாங்கிக் கொடு.

அந்தக் கிளிப்பை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். விலை ஒட்டியிருந்த அட்டையை எடுத்துவிட்டேன். பாட்டி அனுப்பினது என்று சொல்லாதே. கடைக்குப் போகிற வழியில் நீயே எடுத்து அவள் தலையில் மாட்டிவிடு.

இன்னொன்று. மாதாமாதம் ஒன்றாம் தேதி எனக்கு அனுப்புகிறாயே, இந்த வருஷம் முடியும்வரை அது வேண்டாம். அப்பாவின் சொக்சோ, அதுதான் தொழிலாளர் காப்புறுதிப் பென்ஷன் வருகிறது, எனக்கு ஒருத்திக்கு அது தாராளம். முன்னே நீ அனுப்பியதிலும் மீதி இருக்கிறது. அவசரம் என்றால் சொல், உன் கணக்கில் போட்டுவிடச் சொல்கிறேன். கோபப்படாதே தம்பி. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போன் பண்ணு, மோட்டாரில் போய்க்கொண்டே பண்ணாதே.

இப்படிக்கு,
அம்மா