உருவிவிட்ட கை

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள மாரி,

தீபாவளிக்கு ஒரு வாழ்த்துகூட அனுப்பாதவன் திடீரென்று எழுதுகிறான் என்றால் ஏதோ வில்லங்கம் என்று ஊகித்திருப்பாய். சரிதான். மகள் கல்யாணத்துக்கு வராததற்கு நேரில் திட்டிக்கொள்.

பெரியண்ணன் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். சவ்ராஸ்தா சந்தை வரை நடந்துபோய் மீன்காரனோடு சண்டை போட்டுத் திரும்புவார். சென்ற மாதம் முழங்கைக்குக் கீழே, நாவல்பழத்தை நசுக்கிப் பூசியதுபோல் ஒரு கறுப்பு. "எங்கே இடித்துக்கொண்டீர்கள் அண்ணே?" என்றால், "உன் அண்ணி அடித்துவிட்டாள்" என்று சிரிக்கிறார். நானும் அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு தொடை வீங்கியது. சுளுக்கு என்று நானே தீர்ப்புச் சொன்னேன். தோட்டத்து வைத்தியம்தான் கையில் இருக்கிறதே! நல்லெண்ணெயைச் சூடாக்கி அரைமணி நேரம் அழுத்தி உருவினேன். "போதும், விடு" என்றார். நான் விடவில்லை. மறுநாள் தொடை பால்மரக் கட்டைபோல் இறுகிக் கிடந்தது. கட்டிலை விட்டு எழுந்தவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஹீமோகுளோபின் 6, மிகவும் குறைவு. தசைக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, மாரி. அதன்மேல்தான் நான் கட்டைவிரலை ஊன்றியிருக்கிறேன்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் குறையில்லை. ஆனால் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனை ஒன்று நீண்டுகொண்டே போனது. அவருடைய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், நோயில்லாத ஒருவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து, 37 டிகிரிச் சூட்டில் 2 மணி நேரம் வைத்துப் பார்த்தார்களாம். வெறும் பற்றாக்குறை என்றால் நல்லது ஈடுகட்டியிருக்கும். இங்கே நல்லதும் சேர்ந்து கெட்டது. ரத்தத்தை உறையவைக்கும் எட்டாம் காரணியை அவர் உடம்பே பகையாக நினைத்து முடக்குகிறதாம். ஹீமோபிலியா, ரத்தம் சரியாக உறையாத நோய்! "அது பிறவியிலேயே வருவதல்லவா, இவருக்கு 74 வயதாகிறதே" என்று டாக்டரிடம் சட்டம் பேசினேன். இது இடையில் வந்து ஒட்டிக்கொள்ளும் வகை. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும். பாதிப் பேருக்குக் காரணமே பிடிபடாது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் புற்றுநோயும் கூடவே இருக்கும். காலமெல்லாம் நாலு நம்பர் லாட்டரி எழுதி ஒரு வெள்ளி விழாத மனிதருக்கு இதுவா விழ வேண்டும்?

எட்டாம் காரணியை ஏற்றினாலும் உடம்பு அதையும் முடக்கிவிடும் என்பதால், அதைச் சுற்றிக்கொண்டு வேலை செய்யும் ஏழாம் காரணி ஊசியைச் சில மணிக்கொரு தரம் போட்டார்கள். உடம்பின் எதிர்ப்பை அடக்க பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. கசிவு நின்றுவிட்டது. மாத்திரை பசியைக் கிளப்ப, இரவு 2 மணிக்கு இட்லி கேட்கிறார். அண்ணி அவிக்கிறாள்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அண்ணன் மட்டும் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "என் தம்பி பெரிய உருவு வைத்தியன்" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் கைகளை மடக்கி வைத்துக்கொள்கிறேன்.

குட்டைச் சிவத்திடம் மூச்சுவிடாதே. பத்துப் பேரோடு வந்து நின்றுவிடுவான். நீ மட்டும் தைப்பூசத்துக்கு வா. இந்த ஆண்டு அவரால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்க முடியாது, வாசலில் நாற்காலி போட்டு ரதம் பார்ப்பார். ஜப்பான் சைக்கிளுக்கு நீ இன்னும் பாக்கி வைத்திருப்பதாகக் கணக்குச் சொல்கிறார், சில்லறை கொண்டுவா. வந்ததும் உன் வழக்கப்படி அவர் முதுகில் ஓங்கி அறைந்துவிடாதே.

உன்,
செல்வம்