லினக்ஸில் டிரைவர் சேர்ப்பது: மாணவர்களுக்குச் சொல்ல விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க இளம் பொறியாளர்களை அழைத்துத் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையை வரவேற்கிறோம். ஆனால் நிரல் எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்வார்கள் என்ற அளவில் அது நின்றுவிட்டது. சென்சார் போன்ற வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவரை எழுதுபவர்கள் இடறுவது அதற்குப் பிறகுதான். தங்கள் போர்டில் நன்றாக ஓடும் டிரைவர் லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் ஏற்கப்படாமல் திரும்பி வந்ததும், கிட்ஹப் தளத்தில் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கியது நெடுநாள் தாங்காது. கெர்னலின் உள் இன்டர்ஃபேஸ்கள் மாறிக்கொண்டே இருக்கும். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில், ஐ2சி (சிப்புகளை இணைக்கும் இரு கம்பித் தடம்) டிரைவர்களில், சாதனத்தை நீக்கும்போது ஓடும் 'ரிமூவ்' ஃபங்ஷன் எந்த மதிப்பையும் திருப்பித் தரக் கூடாது என்றானது. கெர்னலுக்குள் இருந்த டிரைவர்களை எல்லாம் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களே திருத்திக் கொடுத்தார்கள். வெளியே கிடந்தவை கம்பைல் ஆகாமல் நின்றன.

ஐ2சி-யில் பேசும் ஒரு வெப்பநிலை, ஈரப்பத சென்சாரை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஏற்ற ஓர் இடம், கெர்னலில் சென்சார் டிரைவர்கள் இருக்கும் ஐஐஓ என்ற துணைப்பிரிவு. எழுத உட்காரும் முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் டிரைவர்களின் ரெஜிஸ்டர் (சிப்பின் உள் நினைவிடங்கள்) பட்டியலையும் உங்கள் சிப்பின் டேட்டா ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது சிப் என்று விற்கப்படுவது பல நேரம் பழையதன் உடன்பிறப்பாக இருக்கும். அப்போது பழைய டிரைவரில் ஒரு ஐடியும் சில வரிகளும் சேர்த்தால் போதும். அதற்குத் தனி டிரைவர் எழுதி அனுப்பினால் திருப்பிவிடுவார்கள்.

அளவு அலகுகளிலும் பலர் தவறுகிறார்கள். '27.5 சி' என்று எழுத்தாக அச்சிடும் சொந்தக் கோப்பு ஒன்றை டிரைவர் உருவாக்கினால் ஏற்கமாட்டார்கள். சிப் தரும் மூல எண்ணையும் ஸ்கேல் எண்ணையும் தனித்தனியே கொடுக்க வேண்டும். பெருக்கினால் வெப்பநிலை மில்லி டிகிரி செல்சியஸிலும், ஈரப்பதம் மில்லி சதவீதத்திலும் வர வேண்டும். பயனர் நிரல்களுக்கு ஒருமுறை வெளியிட்ட இன்டர்ஃபேஸைப் பிறகு மாற்ற முடியாது என்பதால்தான் இதில் இவ்வளவு கண்டிப்பு.

டிவைஸ் ட்ரீ விவரிப்பை (வன்பொருளைப் பற்றிக் கெர்னலுக்குச் சொல்வது) தனி பேட்சாக (அனுப்பும் நிரல் மாற்றம்), டிரைவருக்கு முன்னால் வையுங்கள். அது யாம்ல் என்ற எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அனுப்பும் முன் 'மேக் டிடி-பைண்டிங்-செக்' என்ற சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்க்க வேண்டும். சிப் நிறுவனத்தின் பெயருக்கான முன்னொட்டு கெர்னலின் பட்டியலில் இல்லையென்றால் அதற்கும் ஒரு தனி பேட்ச். அந்த விவரிப்பில் வன்பொருள் மட்டுமே இருக்கட்டும். 'எத்தனை விநாடிக்கு ஒருமுறை படிக்க வேண்டும்' என்பது வன்பொருளின் குணமல்ல. அதை அங்கே எழுதினால் முதல் மறுமொழியிலேயே எடுக்கச் சொல்வார்கள்.

அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது வளங்களை விடுவிக்கும் வரிசை. வளங்களைத் தானாக விடுவிக்கும் 'டெவ்எம்' வகை ஃபங்ஷன்களால் பதிவு செய்தவை, ரிமூவ் முடிந்த பிறகுதான் விடுபடும். சாதனத்தை டெவ்எம் வழியே பதிவு செய்துவிட்டு, ரிமூவில் கையால் மின்சாரத்தை நிறுத்தினால், இடையில் ஒரு சிறு இடைவெளி உண்டாகிறது: சிப் அணைந்திருக்கும், பயனர் நிரலோ அதை இன்னும் படிக்கலாம். மேசையில் இது தெரியவே தெரியாது. படித்துப் பார்ப்பவர் கண்ணில் உடனே படும். மின்சாரத்தை நிறுத்துவதையும் டெவ்எம் செயலாகவே பதிந்துவிட்டால் வரிசை தானாகச் சரியாகும். ஐ2சி போன்ற இன்னொரு தடமான எஸ்பிஐ-யில் பேசும் சிப் என்றால் இன்னொன்று: ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக நினைவகம்) வைத்த பஃபரை நேரடியாக அனுப்பக் கூடாது. டிஎம்ஏ (செயலி தலையிடாமல் நினைவகத்தோடு தரவு பரிமாறும் வசதி) இல்லாத போர்டில் அது ஓடும்; டிஎம்ஏ இருக்கும் போர்டில் தரவு சிதையலாம்.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரே நிரலைப் பயன்படுத்த நடுவில் ஓர் அடுக்கு எழுதும் பழக்கம் நிறுவனங்களுக்கு உண்டு. பெரிய நிறுவனம் என்று இதில் சலுகை கிடையாது. சிப் நிறுவனமான ஏஎம்டி தன் டிஸ்ப்ளே நிரலை அத்தகைய அடுக்கோடு கொண்டுவந்தபோது, 2016 டிசம்பரில் கெர்னலின் கிராஃபிக்ஸ் பகுதியில் எது சேரலாம் என்று முடிவு செய்யும் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி ஏற்க மறுத்தார். நிறைய மாற்றி எழுதிய பிறகு, 2018 ஜனவரியில் வெளிவந்த 4.15 பதிப்பில்தான் அது இடம்பிடித்தது. அந்த மறுப்பு நியாயமானது என்றே நாங்கள் கருதுகிறோம். எழுதியவர் வேலை மாறிப் போன பின்பும் அந்த வரிகளை வேறொருவர் படித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

அனுப்புவது மின்னஞ்சலில்: வெறும் எழுத்தாக, இணைப்புக் கோப்பு இல்லாமல். யாருக்கு அனுப்புவது என்பதை 'கெட் மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் சொல்லும்; 'செக்பேட்ச்' நடைப்பிழைகளைக் காட்டும். அலுவலக மெயில் சர்வர்கள் டேபை இடைவெளிகளாக மாற்றிவிடும், வரிகளை மடக்கிவிடும், 'இது ரகசியம்' என்று அடியில் ஒட்டவும் செய்யும். மூன்றில் எது நடந்தாலும் அந்த பேட்ச் பயன்படாது. முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததை 'கிட் ஏஎம்' கட்டளை கொண்டு பொருத்திப் பாருங்கள். மின்னஞ்சலை அனுப்பும் முறையான எஸ்எம்டிபியை அலுவலகம் அனுமதிக்காவிட்டால் 'பி4' கருவியின் வலைவழி அனுப்பும் வசதி உதவும். 'சைன்டு-ஆஃப்-பை' வரி இல்லாத பேட்சை எடுக்கமாட்டார்கள். இந்த நிரலை இந்த உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. ஆகவே சிப் நிறுவனத்தின் மாதிரி நிரலிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தால், கையெழுத்திடும் முன் அதன் உரிமத்தைப் படியுங்கள்.

ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் வருகிறது. புதியவை நுழைவது முதல் இரண்டு வாரங்களில் மட்டும். அதுவும் துணைப்பிரிவுப் பராமரிப்பாளர் முன்பே எடுத்து வைத்திருந்தால்தான். மறுமொழி வந்த அன்றே அடுத்த வடிவத்தை அனுப்பாதீர்கள். மற்றவர்கள் படிக்க ஒரு வாரமாவது விடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அதன் அடியிலேயே பதில் எழுதுங்கள். உடன்பாடில்லை என்றால் காரணம் சொல்லலாம். பேசாமல் விட்டால்தான் அடுத்த வடிவத்தைப் படிக்க ஆள் இருக்காது. பராமரிப்பாளர்களிடமிருந்து இரண்டு வாரம் மௌனம் என்றால் ஒரு நினைவூட்டல் அனுப்புவது முறைதான், ஆனால் அந்த முதல் இரண்டு வாரங்களில் வேண்டாம். நான்கைந்து வடிவங்கள் ஆவது சாதாரணம்.

இந்தக் கணக்கைக் கல்லூரிகள் கவனிக்க வேண்டும். இறுதியாண்டுத் திட்டமாக டிரைவர் எழுதுபவர் செமஸ்டரின் கடைசி வாரத்தில் முதல் பேட்சை அனுப்பினால், கேள்விகள் வரும்போது போர்டு லேபுக்குத் திரும்பியிருக்கும், மாணவர் வேலையில் சேர்ந்திருப்பார். வழிகாட்டும் பேராசிரியர்கள் முதல் வடிவத்தை இரண்டாவது மாத முடிவிலேயே கேட்டு வாங்கட்டும். மறுமொழிகளுக்கு மாணவர் எழுதிய பதில்களுக்கும் மதிப்பெண் கொடுக்கட்டும். திட்டம் முடிந்த பின்னும் ஓராண்டுக்கு அந்த போர்டை அவரிடமே விட்டுவைக்கட்டும்.

இப்படிக்கு,
லினக்ஸ் டிரைவர் நிரலாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்