அந்த டப்பாவைப் பத்தி கேட்டியே

மாப்ள,

உன் மெயில் வந்து ஒரு வாரமாச்சு, அரசலாத்துல தண்ணி வந்ததுலேந்து குறுவை நடவு வேலை, மருந்துக்கடை வேற, ஒக்காந்து எழுத முடியல, கோவிச்சுக்காத.

கொழுப்பு கரையுமான்னு கேட்டு நீ எழுதுன, ஜிம்ல வாங்குன ஃபேட் பர்னர் மாத்திரை டப்பாவோட லேபிளை பாத்தேன். மாத்திரைக்கு காஃபின் 200 மில்லிகிராம், கூட நியாசின் (அதான் பி3), பி6, பி12ன்னு வைட்டமினுங்க. காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னா அதுவே 400 ஆயிடுச்சு, நல்லாருக்குற ஆளுக்கே நாளைக்கு 400க்கு மேல வேணாம்னுதான் சொல்றாங்க, அதுக்கு மேல நீ நாலு டபரா டிகிரி காபி வேற குடிக்கிற. ராத்திரி நெஞ்சு படபடங்குது தூக்கமே இல்லன்னு எழுதிருக்கியே, வயசாயிடுச்சுன்னு நெனைக்காத, இதுதான் காரணமா இருக்கும். காஃபின் பாதி எறங்கவே சுமாரா 5 மணி நேரம் புடிக்கும், 6 மணிக்கு போட்டது 11 மணிக்கும் பாதி ஒடம்புல நிக்கும்.

கொழுப்பு கரையுமான்னு கேட்ட. காஃபின் அட்ரினலின்ங்குற ஹார்மோனை ஏத்தும், அது கொழுப்பு செல்லுலேந்து கொழுப்பு அமிலத்தை ரத்தத்துல எறக்கிவிடும், அது வரைக்கும் நெஜம். ஆனா எறங்குனது எரியணும்ல மாப்ள, குதிர்லேந்து நெல்லை அள்ளி வாசல்ல கொட்டிட்டா சோறாயிடுமா, நீ நாள் முழுக்க கல்லாவுலயே ஒக்காந்திருந்தா பெரும்பாலும் அது திரும்ப கொழுப்பாவே போய் சேந்துக்கும். எரிக்கிற வேலைக்கு பி2, நியாசின், பி5 எல்லாம் வேணுந்தான், ஆனா ஒடம்புல தேவைக்கு இருக்குறப்ப இன்னும் கொட்டுனா வேகமா ஒண்ணும் எரியாது. பி6 வருஷக்கணக்கா அதிகமா போனா நரம்பு கெட்டு காலு மரத்துப்போகும், கடைல ஒக்காந்து பாத்துருக்கேன்.

மாத்திரை போட்டதும் முகம் செவந்து சுள்ளுனு எரியுது, கொழுப்பு எரியுற அறிகுறின்னு ட்ரெய்னர் சொன்னாருன்னியே, அது நியாசின் தோல்ல ரத்தக்குழாயை விரிக்கிறதுடா. கொலஸ்ட்ராலுக்கு கிராம் கணக்குல குடுக்குறப்ப நியாசின் கொழுப்பு செல்லுலேந்து கொழுப்பு வெளிய வர்றதை கொஞ்ச நேரம் தடுக்கவே செய்யும், காஃபினுக்கு நேர் எதிர் வேலை. ரெண்டையும் ஒரே டப்பால அடைச்சு விக்கிறாங்கன்னு நெனச்சாலே கோவம் வருது.

இதவிட எனக்கு தங்கச்சிய நெனச்சாத்தான் கவலை. ரத்தம் கம்மின்னு குடுத்த இரும்பு மாத்திரையை காலைல காபியோட முழுங்குதுன்னு எழுதிருக்க, மொதல்ல அத நிறுத்த சொல்லு. காபில இருக்குற பாலிஃபீனால்ங்குற பொருள் இரும்பை புடிச்சு வச்சுக்கும், ஒடம்புல சரியா சேராது, டீ இன்னும் மோசம். காபிக்கும் மாத்திரைக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு எலுமிச்சம்பழத் தண்ணியோட போட சொல்லு, வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா சேரும்.

நீ டப்பாவை மூடி வச்சுட்டு காலைல ஒரே ஒரு காபி குடிச்சுட்டு ஹரித்ராநதி குளத்தை சுத்தி வேகமா நட, காஃபின் எறக்கிவிடுறது அப்ப கொஞ்சமாவது எரியும். படபடப்பு நிக்கலன்னா ஈசிஜி எடுத்துடணும், தஞ்சாவூர் போறதா இருந்தா முன்னாடியே சொல்லு, கடையை தம்பிகிட்ட விட்டுட்டு நானும் கூட வரேன்.